கெட்டிச் சாயத்தில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

முடிச்சுச் சாயத்தில் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை ஊற்றினால், நீர்த்த சாயம் இரண்டும் ஓடிக் கலந்து நடுவில் ஒரு பழுப்புப் பட்டை விழும். சாயத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் வைத்த இடத்திலேயே நிற்கும், கோடு கோடாகவே இருக்கும். ஆனால் கெட்டியாக்கும் பொருள் உள்ளே வந்ததுமே புதிய தொல்லைகளும் வந்துவிடுகின்றன. பசை கட்டி தட்டும், ஒரே இரவில் நீர்த்துப்போகும், நாறும். எல்லாவற்றையும்விட மோசம், பாட்டிலில் பளிச்சென்று இருந்த நிறம் துவைத்ததும் வெளிறிவிடுவது.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பசை, சாயம், சாயத்தைத் துணியில் பிணைக்கும் சலவைச் சோடா மூன்றும் தேவைக்கு முன்பே ஒன்றாகக் கலக்கப்பட்டிருக்கும், அல்லது அவற்றோடு கடின நீர் சேர்ந்திருக்கும். கீழே ஒவ்வோர் அறிகுறியாகப் பார்க்கலாம். பேசுவது பருத்தி, லினன், ரேயான் துணிகளோடு வேதிப்பிணைப்பால் ஒன்றாகும் ரியாக்டிவ் சாயத்தைப் பற்றி, குறிப்பாகக் குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும் புரோசியான் எம்எக்ஸ் வகையைப் பற்றி. பாலியெஸ்டரில் இது ஒட்டவே ஒட்டாது. துணியில் பாலியெஸ்டர் கலப்பு இருந்தால் அந்த அளவுக்கு நிறம் குறையும், அது சாயத்தின் குற்றம் அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான அளவு

கோளாறு எங்கே என்று தெரிய, சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது தெரிய வேண்டும். 1 லிட்டர் ஆர்ஓ நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், அதில் 1 தேக்கரண்டி சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் (நீரின் கடினத்தன்மையைக் கட்டுப்படுத்தும் தூள்), சுமார் 100 கிராம் யூரியா (ஈரத்தைப் பிடித்து வைக்க), 8 முதல் 10 கிராம் சோடியம் ஆல்ஜினேட் (பசையைக் கெட்டியாக்கும் தூள்). பாட்டிலிலிருந்து பிதுக்கி மடிப்பில் விட இந்தப் பதம் போதும். தூரிகையாலோ அச்சாலோ வரைய வேண்டுமானால் ஆல்ஜினேட் 25 முதல் 30 கிராம் வரை போகலாம். அதிலும் அதிகக் கெட்டி தரும் வகை, குறைந்த கெட்டி தரும் வகை என்று இரண்டு விற்கிறார்கள். இரண்டாவதை வாங்கியிருந்தால் அளவு கூடத்தான் செய்யும்.

சாயத்தூள் 100 மில்லிக்கு 2 முதல் 4 கிராம். கருப்புக்கு மட்டும் அதைப்போல் இரண்டு மடங்கு. சோடாவைப் பசையில் போடுவதில்லை. லிட்டருக்கு 50, 60 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் துணியை 15 நிமிடமாவது ஊறவைத்துப் பிழிந்து, அதன்மேல்தான் சாயம்.

சாயத்தூளைக் கையாளும்போது துகளைத் தடுக்கும் முகக்கவசம் கட்டாயம். ரியாக்டிவ் சாயத்தூள் மூச்சுக்குள் போனால் சிலருக்கு நிரந்தர ஒவ்வாமையாகவே மாறிவிடும். ஈரமான செய்தித்தாளை விரித்து அதன்மேல் தூளை அளந்தால் பறக்கும் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இதற்கென்று எடுத்த கரண்டியும் கிண்ணமும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

பசையில் கட்டி கட்டியாக நிற்கிறது

கட்டியில் இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் மருந்து வேறு. ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள்.

உள்ளே வெள்ளையாக, காய்ந்த தூள் தெரிந்தால் அது கரையாத கட்டி. ஆல்ஜினேட் தண்ணீர் பட்டவுடன் மேல்தோல் போல ஒரு வழுவழுப்பைப் போர்த்திக்கொள்ளும், அதைத் தாண்டி நீர் உள்ளே போகாது. மொத்தமாகக் கொட்டினால் இதுதான் நடக்கும். இதைக் குத்திக் கலைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். மூடி இரவு முழுக்க வைத்தால் பெரும்பாலான கட்டிகள் தானாகக் கரைந்துவிடும். மிச்சத்தை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிவிடலாம். அடுத்த முறை ஆல்ஜினேட்டை யூரியாவோடு உலர்வாகவே கலந்து, நீரை வேகமாகக் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். யூரியாக் குருணைகள் நடுவில் வருவதால் ஆல்ஜினேட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்ட வழியில்லை. மிக்ஸியில் அடித்தாலும் கரையும், ஆனால் நுரை அடங்க நெடுநேரம் ஆகும். குமிழியோடு பாட்டிலில் ஊற்றினால் கோடு போடும்போது நடு நடுவே காற்று துப்பும்.

நசுக்கினால் உள்ளே தூள் இல்லை, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஜெல்லி வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் அது கால்சியத்தின் வேலை. ஆல்ஜினேட் கடல்பாசியிலிருந்து எடுப்பது. அதன் நீண்ட இழைகளைக் கால்சியம் அயனிகள் குறுக்கே பிணைத்துவிடும். கடின நீரில் கரைத்தால் இந்த ஜெல்லித் துண்டுகள் உருவாகும், எத்தனை நாள் வைத்தாலும் கரையாது. சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால்தான் அதை அளவில் சேர்த்தோம். அதை ஆல்ஜினேட்டுக்கு முன்பே நீரில் கரைத்துவிட வேண்டும். ஜெல்லி ஏற்கெனவே கட்டிய பிறகு இன்னொரு தேக்கரண்டி போட்டால் லேசான ஜெல்லி சில நேரம் இளகும். கனமாகக் கட்டியிருந்தால் அந்தப் பசையோடு போராடுவதில் பொருள் இல்லை. மென்மையான நீரில் புதிதாகக் கரைப்பதே மேல்.

இரண்டும் இல்லாமல் பசை திரிதிரியாகப் பிரிந்து நின்றால், உள்ளே வினிகர் போன்ற அமிலமோ நிறைய உப்போ போயிருக்கிறது. தொட்டியில் முக்கிச் சாயமேற்றும் முறையில் உப்பு வேண்டும், அதைப் படித்துவிட்டு இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். நேரடியாகச் சாயம் வைக்கும் முறைக்கு உப்பு தேவையில்லை.

நேற்று கெட்டியாக இருந்தது, இன்று தண்ணீராக ஓடுகிறது

முதலில் கேட்க வேண்டியது, சோடாவைப் பசையில் கலந்தீர்களா என்று. காரத்தில் கிடந்தால் ஆல்ஜினேட்டின் இழைகள் மெல்ல மெல்ல அறுபடும், வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. சோடா இல்லை என்றால் அடுத்த காரணம் நுண்ணுயிர்கள். ஆல்ஜினேட் அவற்றுக்கு நல்ல தீனி. வெயில் படும் இடத்தில் ஓரிரு நாள் வைத்த பசை நீர்த்துப்போவதில் வியப்பே இல்லை. ஃபிரிட்ஜில், நன்றாகக் கழுவிய மூடிய பாத்திரத்தில், சாயம் கலக்காத வெறும் பசை சில வாரம் நிற்கும்.

நீர்த்த பசையில் மேலும் ஆல்ஜினேட் தூவிக் கெட்டியாக்க முடியும், நாற்றம் இல்லாவிட்டால் அது சரிதான். சாயம் கலந்த பசை என்றால் மட்டும் அவசரப்பட வேண்டாம். பசையைச் சரிசெய்வதற்கு முன் சாயத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆல்ஜினேட்டுக்குப் பதில் வீட்டில் கிடைக்கும் மாவுக் கஞ்சியை வைத்துக் கெட்டியாக்கலாமே என்று தோன்றும். இந்தச் சாயத்துக்கு அது ஆகாது. சாயம் பருத்தியோடு எப்படிப் பிணைகிறதோ அப்படியே மாவோடும் பிணையும். பாதிச் சாயம் கஞ்சிக்கே போய், கழுவும்போது அதோடு வெளியேறும், மிச்சம் துணியை அட்டை போல விறைப்பாக்கும். குவார் பிசினிலும் இதே சிக்கல்தான். ஆல்ஜினேட்டின் இழைகளில் எதிர்மின் சுமை இருக்கிறது, சாய மூலக்கூறுகளிலும் எதிர்மின் சுமையே. ஒன்றையொன்று தள்ளுவதால் பசை சாயத்தைத் தின்பதில்லை.

பாட்டிலைத் திறந்தால் வாடை

மூக்கை எரிக்கும் அமோனியா வாடையா, அழுகல் வாடையா என்று பிரித்துப் பாருங்கள். அமோனியா யூரியாவிலிருந்து வருகிறது. யூரியாக் கரைசலைக் கொதிக்க வைத்திருந்தாலோ, நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைத்திருந்தாலோ இந்த வாடை வரும். அமோனியா ஒரு காரம், அது சாயத்தைப் பாட்டிலிலேயே தண்ணீரோடு வினைபுரிய வைத்துவிடும். ஆகவே அமோனியா வாடை அடிக்கும் பசையில் புதுச் சாயத்தைக் கலக்காதீர்கள். யூரியா கரையும்போது நீர் சில்லென்று ஆகும். அதற்காகச் சூடு காட்ட நினைத்தால் கை பொறுக்கும் வெதுவெதுப்போடு நிறுத்துங்கள்.

அழுகல் வாடை என்றால் கொட்டிவிட வேண்டியதுதான். பாட்டிலையும் அதன் மூக்குக் குழலையும் நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். பழைய பசையின் ஒரு துளி போதும், புதியதும் சீக்கிரம் கெடும்.

துணியில் அடர்த்தியான புள்ளிகள்

வெளிர்மஞ்சள் பரப்பில் சிவப்புப் பொட்டு, ஆரஞ்சில் கரும்புள்ளி. இது கரையாத சாயத்தூள். தூளை நேரே கெட்டிப் பசையில் கொட்டிக் கிளறினால் அநேகமாக வரும். முதலில் தூளில் சில துளி யூரியா நீர் விட்டுக் குழைத்து, குழைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்துக் கரைத்து, வடிகட்டி, அப்புறம்தான் பசையோடு சேர்க்க வேண்டும். ஃபூக்சியா (அடர் இளஞ்சிவப்பு), கருப்பு இரண்டும் கரையத் தகராறு செய்பவை, அவற்றுக்கு நேரம் கொடுங்கள். வெந்நீர் விட்டால் கரைவது வேகமாகும், அதே வேகத்தில் சாயம் வீணாகவும் செய்யும். 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

புள்ளிகள் துணியின் ஒரு பக்கத்தில் மட்டும், காற்று அடித்த திசையில் இருந்தால் அது பசையின் குறை அல்ல. பக்கத்தில் வைத்து அளந்த தூள் பறந்து விழுந்திருக்கிறது. ஈரத் துணியில் கண்ணுக்குத் தெரியாத துகளும் பெரிய பொட்டாக விரியும்.

வைத்தபோது பளிச், துவைத்ததும் வெளிறல்

அதிகம் பேர் வருந்துவது இதைப் பற்றித்தான், காரணம் கண்ணுக்குத் தெரியாததால்.

பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1956-இல் புரோசியான் சாயங்களைக் கொண்டுவந்தபோது, பருத்தியோடு வேதிப்பிணைப்பால் ஒன்றாகிவிடும் சாயம் முதன்முறையாகக் கடைக்கு வந்தது. அந்த வினைத்திறனே இதன் பலவீனமும்கூட. பருத்தியோடு பிணையும் அதே கை தண்ணீரோடும் பிணையும். தண்ணீரோடு பிணைந்த சாயம் பிறகு துணியைப் பிடிக்காது. ஆனால் அதன் நிறம் மாறுவதில்லை! பாட்டிலில் அதே சிவப்பு, துணியில் வைக்கும்போதும் அதே சிவப்பு. கழுவும்போதுதான் எல்லாம் ஓடையாக வெளியேறும்.

சோடா கலக்காத சாயக் கரைசல் அறை வெப்பத்தில் ஒரு வாரம் போல ஓரளவு திறனோடு இருக்கும், ஃபிரிட்ஜில் சில வாரம். சோடா கலந்துவிட்டால் கணக்கு மணிகளில்தான். சிவப்புகளில் சில ஒரு மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். காலையில் சோடாவோடு கலந்த பாட்டிலை மாலையில் எடுத்து வைத்தால் வெளிறாமல் என்ன செய்யும்?

கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை. சோடாவில் ஊறிய வெள்ளைப் பருத்தித் துண்டு இரண்டு எடுத்து, ஒன்றில் சந்தேகத்துக்குரிய சாயத்தை வையுங்கள், மற்றதில் அதே நிறத்தை அதே அளவில் அன்றைக்கே கரைத்து வையுங்கள். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு நாள் விட்டு, வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து ஒப்பிடுங்கள். பழையது மட்டும் வெளிறினால் சாயம் செத்துவிட்டது. அதில் மேலும் தூள் கலந்து பிழைக்க வைக்க முயல வேண்டாம். செத்த சாயம் உள்ளேயே கிடந்து, கழுவும்போது வெள்ளைப் பகுதியைக் கறையாக்குவதுதான் மிச்சம்.

இரண்டும் ஒரே மாதிரி வெளிறினால் சாயத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். முதல் சந்தேகம் சோடா. சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் ஒன்றல்ல. சமையல் சோடாக் கரைசலின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் எண்) 8-ஐ ஒட்டித்தான் நிற்கும், இந்தச் சாயம் அறை வெப்பத்தில் துணியைப் பிடிக்க 10.5-க்கு மேல் வேண்டும். அடுத்தது வெப்பம். அறை 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் வினை மிகவும் மெதுவாகும். துணியைச் சுற்றிக் கதகதப்பான இடத்தில் வைத்து, கூடுதல் நேரம் கொடுங்கள். மூன்றாவது, காய்ந்துபோதல். ஈரம் இருக்கும்வரைதான் சாயம் துணியோடு பிணையும். யூரியா ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான், ஆனால் மூடாமல் காற்றில் வைத்தால் அதுவும் போதாது. ஓரங்கள் வெளிறி நடுப்பகுதி பளிச்சென்று இருந்தால் காரணம் இதுவே.

துணியில் புதிதாக வாங்கியபோது இருந்த மெருகுப் பூச்சைத் துவைத்து நீக்காமல் சாயமிட்டாலும் திட்டுத்திட்டாக வெளிறும்.

ஊதா நீலமாகிறது, பச்சை பிரிகிறது

ஒரு பாட்டிலில் இருப்பது ஒரே சாயம் அல்ல, இரண்டு மூன்றின் கலவை. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வினைபுரியும். ஃபூக்சியா வேகம். டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) பெரிய மூலக்கூறு, மெதுவாகப் பிடிக்கும், கூடுதல் வெப்பம் கேட்கும். அதனால் நாள்பட வைத்த ஊதாவில் சிவப்பு முதலில் திறனிழக்கும், துணியில் நீலம் தூக்கும். குளிரான நாளில் செய்த பச்சையில் டர்க்காய்ஸ் சரியாகப் பிடிக்காமல் மஞ்சள் மேலோங்கும். கருப்பு அநேகமாக எப்போதும் கலவைதான். பழுப்போ பச்சையோ அடித்தால் பழைய கரைசல் அல்லது அளவு குறைவு என்று கொள்ளுங்கள்.

கலவை நிறங்களைப் பாட்டிலில் வைத்திருக்கவே கூடாது என்பது என் எண்ணம். அடிப்படை நிறங்களைத் தனித்தனியாக வைத்து, தேவையான அன்று கலந்துகொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

மடிப்புக்குள் வெள்ளையாகவே நிற்கிறது. அல்லது கோடு பரவிவிடுகிறது

முதலாவது அதிகக் கெட்டி, இரண்டாவது போதாத கெட்டி அல்லது துணியில் அதிக ஈரம். முடிச்சுச் சாயத்துக்குத் தேன் பதத்தைவிட இளக்கமாக இருந்தால்தான் உள் மடிப்புக்குள் இறங்கும். அச்சுக்கான பதத்தில் கலந்துவிட்டு உள்ளே போகவில்லை என்றால் தவறு பசையில் இல்லை. அதே சாயத்தின் பசை சேர்க்காத கரைசலை ஊற்றி இளக்கலாம், வெறும் நீர் விட்டால் நிறமும் சேர்ந்து குறையும். பரவினால் பசையைத் தொடும் முன், துணியை இன்னும் இறுக்கிப் பிழிந்து பாருங்கள். சொட்டும் துணியில் எந்தப் பசையும் நிற்காது.

கழுவிய பிறகும் துணி விறைப்பு, வெள்ளையில் கறை

விறைப்பு என்றால் ஆல்ஜினேட் இன்னும் போகவில்லை. கடின நீரில் கழுவினால் அது துணியிலேயே கால்சியத்தோடு கட்டிக்கொள்ளும். முதல் கழுவல் நீரில் ஒரு தேக்கரண்டி சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் போட்டு ஊறவிட்டு, வழுவழுப்பு விரலில் தட்டாமல் போகும்வரை அலசுங்கள். முடிச்சை அவிழ்க்கும் முன்பே குளிர்ந்த ஓடும் நீரில் மேற்பசையைக் கழுவிவிடுவது முக்கியம். கெட்டிச் சாயத்தில் பிணையாத சாயம் பசைக்குள் அடைந்து கிடக்கும், அவிழ்த்த நொடியில் அது வெள்ளையைத் தொடும்.

முதலில் குளிர்ந்த நீர், அதில் சோடாவும் பசையும் போகும். அப்புறம் 60 டிகிரிக்கு மேலான வெந்நீரும் கொஞ்சம் சோப்பும், பிணையாத சாயம் அதில்தான் கழன்று வரும். வரிசையை மாற்றினால், சோடா இன்னும் துணியில் இருக்கும்போது சூடு ஏறி, மிதக்கும் சாயம் வெள்ளையில் பிணைந்துகொள்ளும். அப்படிப் பிணைந்த கறை துவைத்தால் போகாது.

மிச்சம் இருக்கிறது, வைக்கலாமா?

கலக்காமல் இருந்தால் வைக்கலாம். ஆல்ஜினேட் தூள் ஈரமில்லாத இடத்தில் நெடுங்காலம் நிற்கும், சாயத்தூளும் காற்றுப்புகாத டப்பாவில், இருட்டில், சூடில்லாத இடத்தில் இருந்தால் ஆண்டுக் கணக்கில். வெறும் பசை ஃபிரிட்ஜில் தனியாக, சாயக் கரைசல் தனியாக, சோடாக் கரைசல் அலமாரியிலேயே. சோடா நீர் கெடுவதில்லை, ஆவியாகாமல் மூடினால் போதும்.

சாயம் கலந்த பசை மிஞ்சினால், சோடா இல்லாதவரை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடும் எண்ணத்தோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். தெரியாமல் யாரும் எடுத்துவிடாதபடி ஒரு மூடிய டப்பாவுக்குள் பாட்டில்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் நிறம், கரைத்த தேதி, சோடா உண்டா இல்லையா என்று மூன்றையும் எழுதுங்கள். குழந்தைகள் கைபடும் வீடு என்றால் உயரமான தட்டில் வைப்பது நல்லது.

எடுக்கும்போது அடியில் படிவு தெரிந்தால் பதற வேண்டாம், குளிரில் சாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அறை வெப்பத்துக்கு வரும்வரை வெளியே வைத்து, குலுக்கி, வடிகட்டிய பிறகு சோதனைத் துண்டில் வைத்துப் பார்த்துவிட்டு நல்ல துணிக்குப் போகலாம்.